கண்ணில் படாதவை – 7: முட்டைச் சண்டையின் மிச்சம்

பிஎச்பி கோப்பின் திறப்புக் குறிக்கு முன்னால் விழுந்த ஒற்றை வெற்றிடத்தோடு போன கிழமைத் தொடர் நின்றது. வழங்கி முதலில் ஹெடர்களை அனுப்பும், பிறகே உள்ளடக்கம்; வெற்றிடமும் உள்ளடக்கம்தான். அது வெளியே போன பிறகு குக்கி வைக்கச் சொன்னால், ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டன என்று பிஎச்பி முறையிடும். அவ்வளவுதான்.

ஆனால் வெற்றிடமே இல்லாத கோப்பும் இதே பிழையைத் தருவதுண்டு. பிழைச்செய்தி முதலாவது வரியைக் காட்டும். போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இராது.

யாழ்ப்பாணத்தில் பாமினி எழுத்துருவில் தட்டியவர்களை இந்தப் பேய் தீண்டவில்லை. திரையில் தமிழ் தெரிந்தாலும் கோப்புக்குள் இருந்தவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துக்கு ஒரு பைட். யுனிகோடுக்கு மாறியதும் கணக்கு மாறியது. யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 'யாழ்ப்பாணம்' என்பதில் 11 குறிகள், 33 பைட். விண்டோஸ் நோட்பேட்டில் அதை ஆன்சியாகச் சேமித்தால் எல்லாம் கேள்விக்குறியாகும். யுடிஎஃப்-8 என்று சேமித்தால் தமிழ் தப்பும். ஆனால் அன்றைய நோட்பேட்டில் கோப்பின் தலையில் கேளாமலே இன்னும் மூன்று பைட் ஏறும். அதுதான் 'பாம்', அதாவது பைட் வரிசைக் குறி. திறப்புக் குறிக்கு முன்னால் நிற்பதால் பிஎச்பிக்கு அதுவும் உள்ளடக்கமே. ஆங்கிலம் மட்டும் எழுதியவர் ஆன்சியோடு தப்பினார். தமிழ் எழுதியவர் மாட்டினார்.

பாமின் பூர்வீகம் ஒரு முட்டைச் சண்டை. ஓர் எண்ணைச் சில கணினிகள் பெரிய முனையிலிருந்து வைக்கும், சில சிறிய முனையிலிருந்து. 1980 ஏப்ரல் 1ஆம் திகதியிட்ட குறிப்பொன்றில் டானி கோஹன் இவ்விரு கட்சிக்கும் பெயர் வைத்தார். பெயர் வந்தது ஜொனதன் ஸ்விஃப்ட் 1726இல் வெளியிட்ட 'கலிவரின் பயணங்கள்' நூலிலிருந்து. முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று லிலிபுட்காரர் அடிபடும் இடம். யுனிகோடின் தீர்ப்பு கெட்டித்தனமானது. கோப்பின் முதலில் எஃப்ஈஎஃப்எஃப் என்ற குறியை வைத்தது. பைட்டுகள் இடம்மாறினால் அது எஃப்எஃப்எஃப்ஈ ஆகும். அப்படி ஓர் எழுத்தே யுனிகோடில் இல்லை. எனவே இது தலைகீழ் என்று கணினிக்கு உடனே விளங்கிவிடும்.

வேடிக்கை என்னவென்றால், யுடிஎஃப்-8இல் அந்தச் சண்டைக்கே இடமில்லை. இருந்தும் நோட்பேட் அங்கேயும் முத்திரை குத்தியது.

ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்க்க 2005இல் தொடங்கிய நூலகம் தளம் மீடியாவிக்கியில் ஓடுகிறது. மீடியாவிக்கி பிஎச்பியில் எழுதப்பட்டது. அதன் அமைப்புக் கோப்பை நோட்பேட்டில் திருத்த வேண்டாம் என்று மீடியாவிக்கிக் கையேடு எச்சரித்ததும் இந்த மூன்று பைட்டுக்காகத்தான். நோட்பேட் பிளஸ் பிளஸில் திறந்து, பாம் இல்லாத யுடிஎஃப்-8ஆகச் சேமித்தால் தீர்ந்தது. நோட்பேட்டும் 2019இன் விண்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து, கேட்டாலொழியப் பாம் வைப்பதில்லை.

கோப்பின் வால் பக்க வெற்றிடத்தைப் பற்றி இந்த இதழில் சொல்வதாக இருந்தது. முட்டை இடத்தைப் பிடித்துவிட்டது. வீட்டுக் கணினியில் ஓடும் கோப்பு வழங்கியில் ஏன் விழுகிறது என்பதற்கு 4096 பைட் தாங்கல் ஒன்றும் இருக்கிறது. இரண்டும் அடுத்த கிழமை.