கால்வாய்ச் சுவரில் எழுந்த வரலாறு

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் துஹுங்கா வாஷ் என்ற வெள்ளநீர்க் கால்வாய் இருக்கிறது. அதன் கான்கிரீட் சுவரில் சுமார் 840 மீட்டர் நீளம், நான்கு மீட்டர் உயரத்துக்கு ஓர் ஓவியம் விரிகிறது. ‘லாஸ் ஏஞ்சலஸ் பெருஞ்சுவர்’ என்பது அதன் பெயர். அதைத் தீட்டியவர்கள் 400-க்கும் மேற்பட்ட இளையோர். அவர்களில் பலர் சிறார் நீதிமன்றத்தின் படியேறியவர்கள்.

1974-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை, கால்வாயை அழகுபடுத்தும் பணிக்காக ஓவியர் ஜூடி பாக்காவை அணுகியது. மெக்சிக வம்சாவளியினரான பாக்கா 1970-லேயே ஹாலன்பெக் பூங்காவில், பகைகொண்ட தெருக்கும்பல்களின் இளைஞர்களை ஒன்றாக நிறுத்தி, கைகளை விரித்து வரவேற்கும் ஒரு பாட்டியின் உருவத்தை வரையவைத்தவர்.

பெருஞ்சுவர் வேலை 1976-இல் தொடங்கியது. குளிர்காலத்தில் மழைநீர் பாயும் என்பதால் கோடையில்தான் கால்வாய்க்குள் இறங்க முடியும். வண்ணத்துக்கு முன்னால் வரலாறு வந்தது: அறிஞர்களோடு பேசுவது, அந்தக் காலத்தை வாழ்ந்து கண்டவர்களிடம் கேட்பது, கேட்டதைச் சிறு கோட்டோவியமாக்குவது. பிறகு அதைக் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கிச் சுவருக்கு ஏற்றி, அக்ரிலிக் வண்ணம் பூசினார்கள். இவ்வளவு பெரிய பரப்பில் ஒருவர் விட்ட கோட்டை இன்னொருவர் தொடர்ந்தே ஆக வேண்டும். வெவ்வேறு இனத்துப் பிள்ளைகளைச் சேர்ந்து உழைக்கவைத்தது இந்தத் தேவைதான். எந்த அறிவுரையையும்விட அது வலுவானது.

அவர்கள் வரைந்தது பள்ளிப் பாடநூல்கள் தவிர்த்த கதைகளை. 1871-இல் நடந்த சீனர் படுகொலை அதில் உண்டு. 1930-களில் மெக்சிக அமெரிக்கர்கள் நாடுகடத்தப்பட்டதும், இரண்டாம் உலகப்போரின்போது ஜப்பானிய அமெரிக்கர்கள் முகாம்களில் அடைக்கப்பட்டதும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ரவீன் பகுதி மக்கள் வீடிழந்த காட்சிதான் மிகக் கூர்மையானது: அவர்களின் குடியிருப்பின் மீது டாட்ஜர் பேஸ்பால் மைதானம் வேற்றுக்கிரகக் கலம்போல வந்து இறங்குகிறது.

தொல்காலத்தில் தொடங்கும் கதை 1950-களை எட்டியபோது, 1983-இல், ஐந்து கோடைகளின் வேலை நின்றது. வெயிலிலும் புகையிலும் மங்கிய வண்ணங்களை 2011-இல் புதுப்பித்தார்கள். 2017-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சுவர் இடம்பெற்றது. பிற்காலப் பத்தாண்டுகளையும் சேர்த்து அதை நீட்டிக்க 2021-இல் மெல்லன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் வழங்கியது. லாஸ் ஏஞ்சலஸ் செல்பவர்கள் கோல்ட்வாட்டர் கேன்யன் சாலையோரம் நடந்தபடியே, கட்டணமின்றி இந்த ஓவியத்தைப் பார்க்கலாம்.