பழைய கணினியும் புதிய அச்சுப்பொறியும்

நுழையும்முன்

ஒரு கருவி பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கும்போதே பயனற்றுப் போகக்கூடும். அதன் பேச்சைப் புரிந்துகொள்ளும் வேறு கருவி இல்லாமற்போவதே அதற்குக் காரணம். வெவ்வேறு காலத்தில் பிறந்த இரு கருவிகளை இணைக்கும்போது எழும் சிக்கல்களையும் அவற்றைத் தீர்க்கும் வழிகளையும் இப்பாடப்பகுதி விளக்குகிறது.

1980களிலும் 1990களிலும் உருவான ஆய்வகக் கருவிகள், தொழிற்கூட எந்திரங்கள் ஆகியவற்றுள் சில, அக்காலக் கணினியையே மூளையாகக் கொண்டு இன்றும் இயங்குகின்றன. அவற்றின் மென்பொருள் எம்எஸ்-டாஸ் இயக்க அமைப்பிற்காக எழுதப்பட்டது. அதனைப் புதிய கணினிக்கு மாற்றுவது எளிதன்று. எந்திரத்தையே மாற்றுவதற்கோ பெரும்பொருள் வேண்டும். அளந்தறிந்த முடிவுகளைத் தாளில் தருவதற்கு அத்தகைய கணினிகளுள் பலவற்றிற்கு இருக்கும் வழி, பின்புறத்திலுள்ள அச்சுப்பொறி இணைப்பு ஒன்றே. பழைய அச்சுப்பொறி பழுதாகி, அதற்குரிய மைநாடாவும் கிடைக்காத நாளில், நலமாக உள்ள கணினியும் வாயடைத்துப் போகிறது.

கடையில் கிடைக்கும் புதிய அச்சுப்பொறியை வாங்கி இணைத்துவிட்டால் போதும் என்றே எவரும் முதலில் எண்ணுவர். வடத்தின் முனை பொருந்தவில்லை என்பது அவர்கள் சந்திக்கும் முதல் தடை. உண்மையில் இருக்கும் தடைகளுள் மிகச் சிறியது அதுதான்.

எட்டுக் கம்பிகளின் வழியே

1970இல் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் அச்சுப்பொறிக்கென ஓர் இணைப்பு முறையை வகுத்தது. பிற நிறுவனங்களும் அதனைப் பின்பற்றியதால் அதுவே பொதுமுறை ஆயிற்று. 1981இல் ஐபிஎம் வெளியிட்ட தனியாள் கணினியும் இம்முறையையே ஏற்றது. கணினியின் பக்கம் 25 ஊசிகளுக்கான இணைப்பும் அச்சுப்பொறியின் பக்கம் 36 தொடுமுனைகள் கொண்ட இணைப்பும் அமைந்தன. இதனையே இணைநிலைப் போர்ட் என்கிறோம்.

இதில் தரவுக்கென எட்டுக் கம்பிகள் உண்டு. ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளும் ஒரே நேரத்தில் எட்டுக் கம்பிகளில் வந்து நிற்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தான ‘ஏ’ என்பதற்கு ஆஸ்கி குறிமுறையில் எண் 65. அதன் ஈரடிமான வடிவம் 01000001. எனவே இரண்டு கம்பிகளில் மட்டும் 5 வோல்ட் அளவிலான மின்னழுத்தம் இருக்கும். மற்ற ஆறும் தாழ்ந்திருக்கும். பிறகு, ‘எடுத்துக்கொள்’ என்னும் பொருள்பட வேறொரு கம்பியில் கணினி மிகக் குறுகிய மின்துடிப்பு ஒன்றை அனுப்பும். அச்சுப்பொறி அந்தப் பைட்டைப் பெற்று, ‘வேலையாக இருக்கிறேன்’ என்று ஒரு கம்பியை உயர்த்தும். வேலை முடிந்ததும் அதனைத் தாழ்த்தி, ‘பெற்றுக்கொண்டேன்’ என்று மற்றொரு கம்பியில் விடைதரும். சாரத்தின் மேல் நிற்பவருக்குக் கீழிருந்து செங்கல் வீசுபவர், மேலே இருப்பவரின் கை ஒழிந்ததைப் பார்த்த பின்னரே அடுத்த கல்லை வீசுவார். அதே ஒழுங்குதான் இங்கும் நிலவுகிறது.

1996இல் அறிமுகமான யுஎஸ்பி முறையின் இயல்பே வேறு. தொடக்கத்தில் அதில் இருந்தவை நான்கு கம்பிகள் மட்டுமே. இரண்டு மின்வழங்கலுக்கு, இரண்டு தரவுக்கு. பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். மேலும், உரையாடலைத் தொடங்கும் உரிமை கணினிக்கே உண்டு. வகுப்பில் ஆசிரியர் பெயரை அழைத்த பின்னர் மாணவர் ‘உள்ளேன் ஐயா’ என்பதுபோல, கணினி கேட்டாலன்றி அச்சுப்பொறி பேசாது. நீ யார், எவ்வகைக் கருவி, எவ்வளவு மின்னோட்டம் தேவை என்றெல்லாம் வினவி அறிந்த பின்னரே அச்சிடும் பணி தொடங்கும். இணைநிலைப் போர்ட்டுக்கு இவ்வாறு வினவத் தெரியாது.

ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் 36 தொடுமுனை இணைப்பும் கொண்ட வடங்கள் சந்தையில் உள்ளன. பலர் ஏமாறும் இடம் இதுவே. அவை புதிய கணினியுடன் பழைய அச்சுப்பொறியை இணைக்கச் செய்யப்பட்டவை. வடத்தினுள் உள்ள சில்லு, கேள்விக்கு விடை சொல்லும் மாணவரைப் போன்றது. அதனைத் திருப்பி, பழைய கணினிக்கும் புதிய அச்சுப்பொறிக்கும் இடையில் பொருத்தினால் இரு பக்கமும் மாணவர்களே இருப்பர். பெயரை அழைக்க ஆசிரியர் இருக்கமாட்டார். முனைகளை எப்படியேனும் பொருத்திவிட்டாலும் ஓர் எழுத்தும் அச்சாகாது.

ஒரே குறி, இரண்டு பொருள்

கம்பிச் சிக்கல் தீர்ந்தாலும் மொழிச் சிக்கல் எஞ்சி நிற்கும். டாஸ் காலத்தில் அச்சிடும் பொறுப்பை இயக்க அமைப்பு முழுமையாக ஏற்கவில்லை. ஒவ்வொரு மென்பொருளும் தானே அச்சுப்பொறியின் கட்டளைகளை அறிந்து அனுப்ப வேண்டியிருந்தது. எழுத்துகளுக்கிடையே 27 என்னும் எண் வந்தால், அடுத்து வருவது எழுத்தன்று, கட்டளை என்று பொருள். அக்கட்டளைகளோ நிறுவனத்திற்கு நிறுவனம் மாறுபட்டன.

எப்சன் நிறுவனத்தின் புள்ளி அச்சுப்பொறிகளில் 27, 69 என்னும் இரு எண்கள் அடுத்தடுத்து வந்தால், ‘இனி எழுத்துகளைத் தடிமனாக அச்சிடு’ என்று பொருள். 1984இல் வந்த எச்பி லேசர்ஜெட் வரிசையின் பிசிஎல் மொழியில் அதே இரு எண்களுக்கு, ‘அனைத்தையும் தொடக்க நிலைக்குக் கொண்டுவா’ என்று பொருள். அதுவரை வந்ததை அச்சிட்டுத் தாளையும் வெளியே தள்ளிவிடும். எப்சனுக்காக எழுதிய அறிக்கையில் ஒரு சொல் தடிமனாக இருக்குமானால், லேசர் அச்சுப்பொறியில் அச்சொல்லுக்கு முன்னரே பக்கம் முறிந்துவிடும். காரணம் தெரியாதவர் அச்சுப்பொறியையே குறைகூறுவார்.

இன்றைய மலிவு விலை அச்சுப்பொறிகள் பலவற்றின் நிலை இன்னும் சிக்கலானது. அவற்றிடம் எழுத்து வடிவங்களே இல்லை. பக்கம் முழுவதையும் கணினியே படமாக்கி, அந்நிறுவனத்துக்கே உரிய வடிவில் அனுப்ப வேண்டும். 65 என்னும் எண்ணை அனுப்பினால் அதை எழுத்தாக மாற்ற அவற்றிற்குத் தெரியாது. ஆதலால் வாங்குவதற்கு முன், பிசிஎல் மொழி அறிந்த பொறியா என்று பார்ப்பது இன்றியமையாதது. 2000ஆம் ஆண்டையொட்டி வந்த அலுவலக லேசர் அச்சுப்பொறிகள் சிலவற்றில் இணைநிலை, யுஎஸ்பி ஆகிய இரண்டு இணைப்புகளும் உண்டு. அப்படியொன்று கிடைக்குமானால் அதுவே எளிய தீர்வு. மென்பொருளின் அமைப்பில் லேசர்ஜெட் என்று தெரிவுசெய்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர்

அவ்வாறு கிடைக்காதபோது இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கணினியை வைக்கலாம். 2012 முதல் விற்பனையில் உள்ள ராஸ்பெரி பை போன்ற கையடக்கப் பலகைகள் இதற்குப் பொருந்தும். பழைய கணினியின் முன் அது எப்சன் அச்சுப்பொறியாக நடிக்கிறது. பைட்டுகளை ஒவ்வொன்றாகப் பெற்றுச் சேமிக்கிறது. கட்டளைகளைப் பிரித்தறிந்து பக்கத்தைப் படமாக்குகிறது. பின்னர்ப் புதிய அச்சுப்பொறிக்கு அதற்குரிய வடிவில் அனுப்புகிறது. முன்பு மாணவராக விடைதந்தது, இப்பக்கம் ஆசிரியராகி வினாத் தொடுக்கிறது.

இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். பழைய போர்ட்டின் மின்னழுத்தம் 5 வோல்ட்; ராஸ்பெரி பையின் ஊசிகள் தாங்குவது 3.3 வோல்ட். இடையில் மின்னழுத்த மாற்றி இன்றி நேரே இணைத்தால் பலகை பழுதாகும். அடுத்தது, பலகை ஒரு பைட்டைப் படித்து முடிக்கும்வரை ‘வேலையாக இருக்கிறேன்’ என்னும் கம்பியைத் தாழ்த்தக் கூடாது. தாழ்த்தினால் எழுத்துகள் விடுபடும். அளவீட்டு அறிக்கையில் ஓர் இலக்கம் விடுபட்டாலும் அதனைக் கண்டுபிடிப்பது கடினம்.

தமிழில் அச்சிட்ட பழைய கோப்புகளுக்கு மற்றொரு தேவையும் உண்டு. உலகச் சந்தைக்கு வந்த பெரும்பாலான புள்ளி அச்சுப்பொறிகளின் நினைவகத்தில் தமிழ் எழுத்துகள் இல்லை. எனவே தமிழ் மென்பொருள்கள் எழுத்துகளைப் புள்ளிப் படங்களாகவே அனுப்பின. மொழிமாற்றும் நிரல், எழுத்துக் கட்டளைகளோடு படக் கட்டளைகளையும் அறிந்திருந்தால்தான் அவை தாளில் தமிழாகத் தோன்றும்.

வரிவரியாகவும் பக்கம் பக்கமாகவும்

புள்ளி அச்சுப்பொறி வரிவரியாக அச்சிடுவது. லேசர் அச்சுப்பொறி முழுப்பக்கம் சேர்ந்த பின்னரே அச்சிடுவது. டாஸ் நிரல் மூன்று வரிகளை அனுப்பி நிறுத்தினால், லேசர் அச்சுப்பொறி அவற்றைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். எண் 12 வந்தால்தான் பக்கம் முடிந்தது என அறிந்து தாளை வெளியிடும். அச்சாகவில்லை என்று கருதி வடத்தைக் கழற்றுவதற்கு முன் இதைச் சோதிப்பது நன்று.

11 அங்குல நீளமுள்ள தொடர்தாளில், அங்குலத்திற்கு ஆறு வரி என்ற கணக்கில் பக்கத்திற்கு 66 வரிகள் அமையும். லேசர் அச்சுப்பொறியோ தாளின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் சிறிது இடம் விட்டே அச்சிடும். அதனால் இறுதி வரிகள் சில அடுத்த தாளுக்குத் தள்ளப்படும். பக்கந்தோறும் இப்பிழை பெருகிக்கொண்டே போகும். வரி இடைவெளியைக் குறைத்தோ, பக்கத்தின் வரி எண்ணிக்கையை மென்பொருளில் மாற்றியோ இதனைச் சரிசெய்யலாம்.

சரிசெய்ய இயலாதது ஒன்று உண்டு. புள்ளி அச்சுப்பொறியின் ஊசிகள் மைநாடாவை அடித்து அழுத்துவதால், கீழே கரித்தாள் வைத்தால் ஒரே அச்சில் இரண்டு மூன்று படிகள் கிடைக்கும். லேசரும் மைவீச்சும் தாளை அடிப்பதில்லை. கரித்தாள் படி தேவைப்படும் இடங்களில், புதிய அச்சுப்பொறியைத் தேடுவதைவிட, இன்றும் விற்பனையில் உள்ள புள்ளி அச்சுப்பொறிகளுள் இணைநிலைப் போர்ட் உடைய ஒன்றை வாங்குவதே பொருத்தமானது.