பாலைவனத்தில் ஒரு பட்டணம்

கட்டிலைத் தூக்கி வெளியே போடுகிறார்கள். கட்டிலின் நான்கு கால்களையும் நான்கு தகர டப்பாக்களில் வைக்கிறார்கள். டப்பாக்களில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். பூச்சிகள் கட்டிலில் ஏறாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. பிறகு ஒரு போர்வையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிகிறார்கள். அந்த ஈரப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்கிறார்கள்.

இது எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? அமெரிக்காவில் உள்ள ஓர் ஊர். பெயர் பீனிக்ஸ். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்னால், கோடைக்காலத்தில், அந்த ஊர் மக்கள் இப்படித்தான் தூங்கினார்கள்.

அமெரிக்கா என்றால் பனியும் குளிரும்தான் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது மிகப் பெரிய நாடு. அதன் தென்மேற்கில் பாலைவனம் இருக்கிறது. அங்கே அரிசோனா என்று ஒரு மாநிலம். அதன் தலைநகரம் பீனிக்ஸ். ஆண்டு முழுவதும் பெய்யும் மழை எட்டு அங்குலம்கூட இல்லை. வெயிலோ கொடுமை. நமக்குக் காய்ச்சல் 104 டிகிரி வந்தால் பயந்துவிடுகிறோம். அந்த ஊரில் கோடை வெயிலே 110 டிகிரி அடிக்கும்.

அந்த ஊர் மக்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள்? எப்படித் தூங்கினார்கள்? வெயிலை எப்படித் தாங்கினார்கள்? இதுவும் வரலாறுதான். அதைப் பார்ப்போம்.

மண்வெட்டி இல்லாமல் வெட்டிய வாய்க்கால்

பீனிக்ஸ் நகரின் வழியாக ஓர் ஆறு செல்கிறது. அதன் பெயருக்கு உப்பாறு என்று பொருள். அந்த ஆற்றங்கரையில் ஹோஹோகம் என்ற மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார்கள். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். மக்காச்சோளம், பூசணி, பருத்தி பயிரிட்டார்கள்.

அவர்களிடம் இரும்பு கிடையாது. மாடு கிடையாது. குதிரை கிடையாது. கூரான மரக்கம்பாலும் கல்லாலும் தோண்டினார்கள். மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். இப்படியே நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டிவிட்டார்கள்! வாட்டம் சரியாக இல்லாவிட்டால் தண்ணீர் ஓடாது. இது உழவு செய்கிறவர்களுக்குத் தெரியும். எந்தக் கருவியும் இல்லாமல் அந்த வாட்டத்தை அவர்கள் கண்டுபிடித்தார்கள். எனக்கு இது உயரமான கட்டடங்களைவிடப் பெரிய அதிசயமாகத் தெரிகிறது.

சுமார் 1450-ஆம் ஆண்டு வாக்கில் அந்த வாய்க்கால்கள் கைவிடப்பட்டன. மண் மூடிப்போனது. 1867-ஆம் ஆண்டில் ஜாக் ஸ்வில்லிங் என்பவர் அங்கே வந்தார். பழைய வாய்க்கால்களின் தடத்தைப் பார்த்தார். ஆட்களைச் சேர்த்து மீண்டும் வாய்க்கால் வெட்டினார். தண்ணீர் ஓடியது. குடியேறியவர்கள் பயிர் செய்தார்கள். ஊர் உண்டானது. பீனிக்ஸ் என்பது கதையில் வரும் ஒரு பறவை. அது நெருப்பில் எரிந்து சாம்பலாகும். பிறகு அந்தச் சாம்பலிலிருந்து மீண்டும் பிறக்கும். அழிந்துபோன பழைய ஊரின் மேல் புதிய ஊர் பிறந்ததால் இந்தப் பெயரை வைத்தார்கள்.

ஆனால் பழைய மக்களின் வழிவந்தவர்கள் அழிந்துவிடவில்லை. பக்கத்திலேயே ஹீலா என்ற ஆற்றங்கரையில் வாழ்ந்தார்கள். அவர்கள் தங்களை ஆற்று மக்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். நன்றாகக் கோதுமை விளைவித்தார்கள். பாலைவனத்தைக் கடந்து வந்த வெள்ளைக்காரர்களுக்கு உணவு கொடுத்தவர்களே அவர்கள்தான். பிறகு மேலே, ஆறு வரும் வழியில், குடியேறியவர்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டார்கள். கீழே ஆறு வறண்டது. ஊருக்குச் சோறு போட்டவர்கள் பட்டினி கிடந்தார்கள். அவர்களுக்கு உரிய தண்ணீரைத் தர வேண்டும் என்று சட்டம் வந்தது 2004-ஆம் ஆண்டில். நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது.

பீனிக்ஸ் உழவர்களுக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. ஒரு வருடம் வெள்ளம் வரும். ஒரு வருடம் ஆற்றில் தண்ணீரே இருக்காது. அதனால் 1903-ஆம் ஆண்டில் அவர்கள் ஒரு சங்கம் சேர்ந்தார்கள். இரண்டு லட்சம் ஏக்கருக்கும் மேலான தங்கள் நிலங்களை அடமானமாக வைத்தார்கள். அந்தப் பொறுப்பில் அரசு பணம் போட்டு அணை கட்டியது. 1911-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் தியோடர் ரூஸ்வெல்ட் அணையைத் திறந்து வைத்தார். அணைக்கு அவர் பெயர்தான்.

வாய்க்கால் கரையெல்லாம் பெரிய மரங்கள் நின்றன. நிழலில் மக்கள் உட்கார்ந்து பேசினார்கள். பிள்ளைகள் வாய்க்காலில் குதித்து நீந்தினார்கள். பின்னாளில் வாய்க்கால்களுக்கு சிமெண்ட் பூசினார்கள். மரங்கள் தண்ணீரைக் குடிக்கின்றன என்று வெட்டிவிட்டார்கள்.

ஈரம் காயும்போது

இப்போது அந்த ஈரப் போர்வைக்கு வருவோம். ஈரத் துணி காயும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும். மண்பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதும் இதனால்தான். பீனிக்ஸ் மக்கள் இதை நன்றாகப் பயன்படுத்தினார்கள். பானையைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, நிழலில் தொங்கவிட்டார்கள். மரச்சட்டத்தைச் சுற்றி ஈரச் சாக்கைப் போர்த்தி, அதற்குள் பாலும் வெண்ணெயும் வைத்தார்கள்.

பழைய வீடுகள் பச்சை மண் கல்லால் கட்டியவை. சுவர்கள் தடிமனாக இருக்கும். வெயில் உள்ளே வர நேரமாகும். 1887-ஆம் ஆண்டில் ரயில் வந்தது. வெளியூர்ப் பலகையும் வந்து இறங்கியது. பார்க்க அழகாக இருக்கிறது என்று பலகை வீடும் செங்கல் வீடும் கட்டினார்கள். கோடையில் உள்ளே இருக்க முடியவில்லை! அதனால் பல வீடுகளில் தூங்குவதற்கு என்றே வலை அடித்த ஒரு திண்ணை கட்டினார்கள். பாலைவன மணல் இரவில் சீக்கிரம் ஆறிவிடும். காற்று குளிரும்.

1930-களில் ஒரு பெட்டி வந்தது. பெட்டியின் பக்கங்களில் மரச்சீவலைத் திணித்து அதில் தண்ணீர் சொட்டவிடுவார்கள். உள்ளே ஒரு மின்விசிறி ஓடும். ஈரத்தின் வழியாக வரும் காற்று வீட்டைக் குளிர்விக்கும். நம் கடைகளில் விற்கும் ஏர் கூலர் இதே வகைதான். பலர் இதை வீட்டிலேயே செய்துகொண்டார்கள். செலவு குறைவு. ஆனால் மழைக்காலத்தில் இது சரியாக வேலை செய்யாது. காற்றிலேயே ஈரம் இருந்தால் தண்ணீர் எப்படிக் காயும்?

பிறகு ஏ.சி. இயந்திரம் வீடுகளுக்கு வந்தது. வெயிலுக்குப் பயந்தவர்களும் வந்து குடியேறினார்கள். 1940-ஆம் ஆண்டில் பீனிக்ஸ் மக்கள்தொகை சுமார் 65,000. 1960-ஆம் ஆண்டில் 4,39,000. 2020-ஆம் ஆண்டில் 16 லட்சத்தைத் தாண்டிவிட்டது. எல்லோரும் கதவை அடைத்து உள்ளே போனார்கள். திண்ணைகளை அடைத்து அறையாக்கினார்கள்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். மாலையில் வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கும். அரிசோனா 1968-ஆம் ஆண்டிலிருந்து அப்படிச் செய்வதில்லை. மாலையிலும் வெயில் வேண்டும் என்று அங்கே யார் கேட்பார்கள்?

இரவும் ஆறவில்லை

மண் இருந்த இடத்தில் தார் ரோடும் சிமெண்டும் வந்தன. அவை பகலில் சூட்டைக் குடித்து இரவில் வெளியே விடுகின்றன. 2023-ஆம் ஆண்டு ஜூலையில் 16 நாட்கள் தொடர்ந்து இரவிலும்கூட வெப்பம் 90 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பகலில் தொடர்ந்து 31 நாட்கள் 110 டிகிரி, அதற்கும் மேல். அந்தக் காலம் போல வெளியே கட்டில் போட்டால் தூக்கம் வராது. உயிருக்கே ஆபத்து. மரம் குறைந்த ஏழைகளின் தெருக்களில் சூடு இன்னும் அதிகம்.

ஏ.சி. இல்லாமல் முடியாது என்று ஆகிவிட்டது. அதற்கு மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குப் பணம் வேண்டும். 2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் நகருக்குப் பக்கத்தில் ஒரு மூதாட்டி இருந்தார். வயது 72. மின்கட்டணத்தில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டார். பாக்கி 51 டாலர். மின்சாரத்தை வெட்டிவிட்டார்கள். அன்று வெயில் 107 டிகிரி. அவர் வீட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார். இந்தச் செய்தி அடுத்த ஆண்டு வெளியே வந்தது. மக்கள் கொதித்தார்கள். கடும் கோடையில் பாக்கிக்காக மின்சாரத்தை வெட்டக் கூடாது என்று மாநில ஆணையம் 2019-ஆம் ஆண்டிலேயே தடை போட்டது.

வீடே இல்லாதவர்களுக்கு? பீனிக்ஸ் இருக்கும் மாவட்டத்தில் 2023-ஆம் ஆண்டில் வெயிலால் 645 பேர் இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வீடில்லாதவர்கள். பகலில் நூலகங்களிலும் பொதுக் கூடங்களிலும் குளிர்ந்த இடம் கொடுத்தார்கள். சாயங்காலம் பூட்டிவிட்டால் எங்கே போவது? அதனால் 2024-ஆம் ஆண்டு கோடையில் சில இடங்களை இரவு முழுவதும் திறந்து வைத்தார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். படுத்துக்கொள்ளவும் இடம் இருந்தது. அந்த ஆண்டு இறந்தவர்கள் 608 பேர்.