உணவு இடைவேளையும் நாமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., கணிதம்)

"மணி அடித்தால் சோறு" என்று விடுதி வாழ்க்கையைக் கேலி செய்வது நம்மிடையே வழக்கம். ஆனால் அந்த மணி தானாக அடிக்கத் தொடங்கிவிடவில்லை. நண்பகலில் வேலையை நிறுத்தி, அமர்ந்து உண்டு, சற்றே இளைப்பாறலாம் என்னும் உரிமை நிமிடக் கணக்கில் கேட்டுப் பெறப்பட்டதாகும். அந்த வரலாற்றை அறிந்தால் இடைவேளையை வீணாக்க நமக்கு மனம் வராது.

பத்து நிமிடப் போராட்டம்

1884-ஆம் ஆண்டு பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே என்பவர் ஆலைத் தொழிலாளர்களைத் திரட்டினார். 5,500 பேர் ஒப்பமிட்ட கோரிக்கை மனு ஒன்று உருவாயிற்று. வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும், நாள்தோறும் நண்பகலில் அரை மணி நேர ஓய்வும் வேண்டும் என்பவை அதிலிருந்த கோரிக்கைகளுள் இரண்டு.

நம் தமிழகத்துக் கதை இன்னும் சுவையானது. சென்னை பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாட்டிக் என்னும் பஞ்சாலைகள் இருந்தன. அங்கே உணவு இடைவேளை 30 நிமிடம். அதற்குள் கைகால் கழுவி, உண்டு, இயந்திரத்தின் முன் திரும்பி நிற்க வேண்டும். செல்வபதி செட்டியார், இராமாநுஜலு நாயுடு ஆகியோர் தொழிலாளர் குறைகளைப் பி.பி. வாடியாவிடம் எடுத்துரைத்தனர். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இதனையே. அடி உதை, குறைந்த கூலி ஆகியவற்றோடு, போதாத உணவு இடைவேளையும் அன்றைய பெருங்குறைகளுள் ஒன்று. சங்கத்தின் முயற்சியால் 30 நிமிடம் 40 நிமிடமாயிற்று.

பத்து நிமிடம்தானே என்று தோன்றலாம். ஆண்டுக்கு 300 வேலை நாள் எனக் கொண்டால் 3,000 நிமிடம். அதாவது 50 மணி நேரம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஆண்டில் இரண்டு முழு நாள்களுக்கு மேல் திரும்பக் கிடைத்தன!

சட்டமும் நடப்பும்

பின்னர் சட்டங்கள் வந்தன. நான்கு மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கினால் இடையில் ஒரு மணி நேர ஓய்வு தர வேண்டும் என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டம் நம் மாநிலத்தில் வகுத்தது. ஆலைகளில் ஐந்து மணி நேர வேலைக்குப் பின் குறைந்தது அரை மணி நேர ஓய்வு என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை இருக்க வேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 2021-இல் ஒரு திருத்தம் கொண்டு வந்தது. உட்காருவதற்குக்கூடச் சட்டம் தேவைப்பட்டதை எண்ணிப் பாருங்கள்!

சட்டம் எட்டாத இடங்களும் உண்டு. செஞ்சியில் வளர்ந்த நமக்கு இது புதிதன்று. கழனியில் நடவு நடும் பெண்கள் உச்சி வெயிலைப் பார்த்து வேளை அறிந்து, புளியமர நிழலில் தூக்குச் சட்டியைத் திறப்பார்கள். என் தந்தை மூட்டை சுமப்பவர். அவருக்கு இடைவேளை மணி என்று ஒன்று கிடையாது. லாரி வந்து நின்றால் பாதிச் சோற்றில் கை கழுவி எழுந்து விடுவார். "சோறு ஆறினா பரவாயில்லைடா, வேல போயிடக் கூடாது" என்பார். அவர் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எனக்கு மட்டும் நாள்தோறும் ஒரு மணி நேரம் நிழலில் கிடைக்கிறது.

உடலின் கணக்கு

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது பழமொழி. வயிறு நிறைந்தது என்ற உணர்வு மூளைக்கு எட்டச் சற்று நேரம் பிடிக்கிறது. ஐந்து நிமிடத்தில் விழுங்குவோர் அளவு தெரியாமல் உண்பது இதனால்தான். "உண்ட களைப்பு தொண்டருக்கும் உண்டு" என்கிறோம். ஆனால் பிற்பகல் தூக்கத்திற்குச் சோறு மட்டும் காரணமன்று. நம் உடலுக்குள் இயங்கும் நாள் கடிகாரமே அவ்வேளையில் விழிப்பைச் சற்றுக் குறைக்கிறது. உண்ணாதவருக்கும் கண் சொருகும். பத்து, பதினைந்து நிமிடம் கண்ணயர்ந்தால் தெளிவு பிறக்கும். அதற்கு மேல் ஆழ்ந்து உறங்கினால் எழும்போது மந்தமே மிஞ்சும். உண்டபின் மெல்ல நடப்பதும் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாமல் காக்கிறது.

எஞ்சிய நேரம்

கணித மாணவனாகிய நான் இராமானுஜனைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 1912-இல் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியம் பெற்ற எழுத்தர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், கிடைத்த ஓய்வு நேரத்தைக் கணிதத்திற்கே செலவிட்டு வருவதாகத் தெரிவித்தார். நாம் அனைவரும் இராமானுஜன் ஆகிவிட மாட்டோம். ஆயினும் ஓய்வு நேரத்திற்கு ஒரு குறிக்கோள் வைத்துக் கொள்ள யாராலும் முடியும்.

நமது ஒரு மணி நேரத்தை இவ்வாறு பிரிக்கலாம். உணவுக்கு 20 நிமிடம். நடைக்கோ கண்ணயர்வுக்கோ 15 நிமிடம். வகுப்புக்குத் திரும்ப 5 நிமிடம். எஞ்சுவது 20 நிமிடம். ஆண்டுக்கு 180 கல்லூரி நாள்கள் எனில் 60 மணி நேரம். மூன்று ஆண்டுகளில் 180 மணி நேரம். இதில் நூலகத்து நாளிதழை நாள்தோறும் படிக்கலாம். தேர்வாணையப் போட்டித் தேர்வுக்கு நாளைக்கு இரண்டு கணக்குகள் போட்டுப் பார்க்கலாம். உதவித்தொகைப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வீட்டில் ஆளில்லாத முதலாண்டுத் தம்பி தங்கையருக்கு நாமே நிரப்பித் தரலாம்.

இன்னொன்றும் செய்யலாம். முதல் பேருந்தைப் பிடிக்கச் சோறு வடிக்குமுன்பே வீட்டை விட்டுக் கிளம்பும் நண்பர்கள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். இடைவேளையில் அவர்கள் குழாயடிக்குச் சென்று தண்ணீர் குடித்துவிட்டு வருவதை நாம் கவனித்திருப்போம். டிபன் பாக்ஸைத் திறக்குமுன் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைப்போம்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை ஆசிரியராகவும் அலுவலராகவும் மேற்பார்வையாளராகவும் அமரப் போகிறோம். அப்போது பிறருடைய இடைவேளை நம் கையில் இருக்கும். ஓர் அவசரக் கோப்புக்காகவோ, வந்து நிற்கும் ஒரு லாரிக்காகவோ உண்பவரை எழுப்பத் தோன்றும். "சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள்" என்று சொல்ல அன்று நமக்கு மனம் வர வேண்டும்.