'அப்போக்ருஃபொஸ்': பொருள் மாற்றமும் மொழிபெயர்ப்புச் சிக்கலும்

'அப்போக்ருஃபொஸ்' என்னும் கிரேக்கப் பெயரடை, 'அப்பால்' எனப் பொருள்படும் 'அப்போ' என்ற முன்னொட்டும், 'மறைத்தல்' எனப் பொருள்படும் 'க்ருப்டெய்ன்' என்ற வினையும் இணைந்த அடியினின்று பிறந்தது. 'மறைத்து வைக்கப்பட்ட' என்பதே இதன் அடிப்படைப் பொருள். சொல்லளவில் இகழ்ச்சிக் குறிப்பு ஏதும் இல்லை.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் மூன்றிடங்களில் மட்டுமே பயில்கிறது. மாற்கு 4:22, லூக்கா 8:17 ஆகியவற்றில், பின்னர் வெளிப்படவேண்டிய ஒன்றை இது குறிக்கிறது. கொலோசெயர் 2:3-இல் ஞானமும் அறிவுமாகிய செல்வங்களுக்கு அடையாக வருகிறது. ஏசாயா 45:3-இன் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் கருவூலங்களையே சார்ந்து நிற்கிறது. விலைமதிப்புடையதே மறைத்து வைக்கப்படும் என்னும் கருத்து இவ்விரு இடங்களிலும் புலனாகிறது.

நூல்களுக்குப் பெயரானபோது பொருள் மாறத் தொடங்கியது. 1945-இல் எகிப்தின் நாக் ஹம்மாதியில் கிடைத்த கோப்தியச் சுவடிகளில் 'யோவானின் அப்போக்ருஃபொன்' என்னும் நூல் உள்ளது. அங்கு இச்சொல் பெருமைக்குரிய தலைப்பு. அத்தகைய நூல்களை எதிர்த்த இரண்டாம் நூற்றாண்டின் இரேனியுஸ், இச்சொல்லைப் 'போலி' என்பதனோடு இணைத்து வழங்கினார். அத்தனாசியுஸ் 367-இல் எழுதிய மடலில் தோபித்து, யூதித்து முதலியவற்றைத் திருமுறைக்குப் புறம்பானவையாயினும் படிக்கத்தக்கவை எனத் தனியே வகுத்து, 'அப்போக்ருஃபா'வினின்று பிரித்தார். பின்னர் எரோனிமுஸ் அவற்றையும் அப்பெயருள் அடக்கினார். 1534-இல் வெளிவந்த லூத்தரின் ஜெர்மன் விவிலியம் அவற்றை அதே தலைப்பின்கீழ்த் தனியே வைத்து, படிக்க நல்லவை என்றது.

தமிழில் வழங்கும் 'தள்ளுபடி ஆகமம்' சொல்லின் பொருளைத் தராமல் ஒரு தரப்பின் தீர்ப்பைத் தருகிறது. 1995-இல் வெளியான திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் 'இணைத் திருமுறை' மற்றொரு தரப்பின் மதிப்பீட்டைத் தாங்கியுள்ளது. சொல்லுக்குச் சொல்லாக 'மறைநூல்' எனலாமெனின், தமிழில் 'மறை' என்பது வேதத்தையே குறிக்கும். மறைவு என்னும் ஒரே கருத்து கிரேக்கத்தில் திருமுறைக்குப் புறம்பானதையும், தமிழில் திருமுறையையுமே சுட்டுவதாயிற்று.

எனவே ஒரே நிகரனை எங்கும் ஆளுதல் பொருந்தாது. விவிலிய வசனங்களில் 'மறைந்துள்ள' என்பது போதும். நூல்வகையைச் சுட்டுமிடத்து ஆசிரியரின் காலமும் தரப்பும் நோக்கப்படவேண்டும். அத்தனாசியுஸின் மடலில் 'தள்ளுபடி ஆகமம்' என்று பெயர்த்தால், அவர் விலக்கிய நூல்களுள் தோபித்தும் ஒன்றெனத் தமிழ் வாசகர் கொள்வர். அவர் கூறியதோ அதற்கு மாறானது. அத்தகைய இடங்களில் கிரேக்கச் சொல்லை ஒலிபெயர்த்து, அதன் பொருளை உடன் விளக்குவதே தக்கது.