துயரத்தை வரையச் சொல்லாதீர்கள்

பெற்றோருடன் வாழ இயலாத குழந்தையை வேறொரு குடும்பம் சில காலம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வதே வளர்ப்புப் பராமரிப்பு. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, குழந்தைகள் நலக்குழு இதற்கு உத்தரவிடுகிறது. காப்பகத்தைவிடக் குடும்பமே நல்லது என்பதில் ஐயமில்லை. ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளிடம் நடந்த நீண்டகால ஆய்வில், குடும்பத்துக்குப் போனவர்கள், அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள், நன்றாகத் தேறினார்கள். நம் நாட்டிலோ பெரும்பாலும் ஆறு வயது தாண்டியவர்களே இந்த ஏற்பாட்டுக்குள் வருகிறார்கள். வீடு, பள்ளி, சிநேகிதர்கள் என எல்லாவற்றையும் விட்டு வருகிற அந்த வயதுப் பிள்ளைக்கு ஓவியமும் களிமண்ணும் கூத்தும் மருந்தாகும் என்று நம்புகிறோம். நம்பிக்கை சரிதான், கொடுக்கும் முறைதான் பல நேரம் பிசகுகிறது.

மனம் எதில் ஆறுகிறது

“உன் மனசுல இருக்கிறதை வரை” என்பது நல்லெண்ணத்தில் பிறக்கும் கட்டளை. ஜெனிபர் டிரேக், எலன் வின்னர் என்ற உளவியலாளர்கள் 6 முதல் 12 வயதுக் குழந்தைகளிடம், ஏமாற்றம் தந்த ஒரு நிகழ்வை நினைக்கச் சொல்லிவிட்டு வரையவைத்தார்கள். அந்த நிகழ்வையே வரைந்தவர்களைவிட, வேறு எதையோ வரைந்தவர்களின் மனநிலைதான் அதிகம் தெளிந்தது. அது அப்போதைய மனநிலையை மட்டும் அளந்த ஆய்வு. ஆண்டுக்கணக்கான காயத்துக்கு அதையே தீர்ப்பாகக் கொள்ள முடியாது. துயரத்தை மூடிவைப்பது கெடுதல் அல்லவா என்ற கேள்வியும் நியாயமானது. தானாக வரைய வருகிற பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஆனால் விசாரணை அறை, மருத்துவர், நலக்குழு என்று ஏற்கெனவே பலமுறை தன் கதையைச் சொல்லியிருக்கக்கூடிய குழந்தைக்கு, கேள்வியே இல்லாத ஒரு மணி நேரம் பெரிய ஆறுதல்.

கடற்கரையில் இருக்கும் வசதி

அப்படிக் கேள்வியில்லாமல் கைவேலை பழகும் வசதி செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்தில் 1957 முதல் அரசு சிற்பக் கல்லூரி இயங்குகிறது. அவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் கைவினைகளைப் பார்த்தும் செய்தும் பழகலாம். சிற்பக்கூடத்துக் கல்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும் என்பதால், பிள்ளைகளுக்குக் கல் வேண்டாம், ஈரக் களிமண் போதும். ஒருநாள் முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போவதில் எனக்கு உடன்பாடில்லை. வந்தவர்கள் எல்லாம் போய்விடுவார்கள் என்பதை அந்தக் குழந்தை முன்பே கற்றிருக்கிறது. அதே ஆசிரியர், அதே கிழமை, பாதியில் நிற்கும் பொம்மையை அடுத்த வாரம் தொடரலாம் என்ற உறுதி, இவைதான் வேண்டும். வீடு மாறினாலும் வகுப்பு மாறக்கூடாது.

ஆடம்பரமா?

சோறு, படிப்பு, சிகிச்சைக்குப் பிறகல்லவா கலை என்பார்கள். கலை அவற்றுக்கு மாற்றல்ல. உலக சுகாதார அமைப்பின் 2019 அறிக்கை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளிலிருந்து கலையின் நலன்களைத் தொகுத்தது. அந்த ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை. தூக்கமின்மை தொடர்ந்தாலோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலோ செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். ஆனால் வாரம் ஒரு மணி நேரக் களிமண் எந்தச் சிகிச்சையின் பணத்தையும் தின்றுவிடாது.

கண்காட்சி வைப்பவர்களுக்கு ஒன்று: இக்குழந்தைகளின் பெயரையும் முகத்தையும் ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடைசெய்கிறது. ஓவியத்தில் கறுப்பு வண்ணத்தைப் பார்த்து வன்கொடுமை என்று ஊகிப்பதும் தவறு. குழந்தை வாய்விட்டுச் சொன்னால், துருவாமல் கேட்டு, உடனே குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.