கழுத்து வலி இருக்கா? பைலேட்ஸ் செய்யும்போது தலையைத் தூக்காதீங்க!

பைலேட்ஸில் வேலை செய்ய வேண்டியது வயிற்றுத் தசை. ஆனா பலருக்கு முதல்ல வலிக்கிறது கழுத்துதான். ஏன்?

ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பைலேட்ஸ் உருவாக்கிய இந்த முறையில் 'ஹண்ட்ரட்' ரொம்பப் பிரபலம். மல்லாந்து படுத்து, தலையையும் தோளையும் தூக்கியபடி, மூச்சோடு சேர்த்து கைகளை 100 முறை மேலும் கீழும் அசைக்கணும். நம்ம தலையின் எடை சுமார் 5 கிலோ. வயிற்றுத் தசை சோர்ந்ததும் கழுத்துக்குச் சுமை கூடிவிடுகிறது. ஏற்கெனவே தேய்மானமோ பிடிப்போ இருக்கிறவங்களுக்கு இது தேவையா?

தலையைத் தரையிலேயே வைங்க. தாடை மேல்நோக்கிப் போனால், மடித்த துண்டு ஒன்றைத் தலைக்கு அடியில் வைக்கலாம். முழங்காலை மடக்கி, பாதத்தை ஊன்றி, கைகளை மட்டும் அசைங்க. மூச்சை விடும்போது அடிவயிற்றை உள்ளிழுத்தால் வயிற்றுக்கும் வேலை கிடைக்கும். எடுத்ததும் 100 வேண்டாம். 20, 30 போதும். பக்கத்துல இருக்கிறவர் தலையைத் தூக்குறாரேன்னு நீங்களும் தூக்காதீங்க. பயிற்சியாளரிடம் முதல் நாளே பிரச்சனையைச் சொல்லிடுங்க.

உடல் எடை மேல்முதுகுக்கும் கழுத்துக்கும் இறங்கும் 'ரோல் ஓவர்', 'ஜாக்நைஃப்' ரெண்டையும் விட்டுடுங்க. 'நெக் புல்'னு பெயரைப் பார்த்து அது கழுத்து வலிக்கான வைத்தியம்னு நினைச்சுடாதீங்க. கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்து எழுந்திருக்கும் கடினமான பயிற்சி அது!

கை மரத்துப்போகுதா, பிடி தளருதா, தலை சுத்துதா, நடை தடுமாறுதா? பயிற்சியை நிறுத்திட்டு முதல்ல டாக்டரைப் பாருங்க.